போன மாதத்து மாத்திரை, இந்த மாதத்து ரிப்போர்ட்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் சிறுநீர் கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இத்தனை மருந்துக்கு நேரா 'ஆர்'னு போட்டிருக்கே, இதுல ஒண்ணுகூட நான் சாப்பிட்டது இல்லையே?" கேட்பவர் பொய் சொல்லவில்லை. சிறுநீர்க் கடுப்புக்கென்று அவர் எதையும் சாப்பிட்டிருக்க மாட்டார். உட்காரவைத்து நிதானமாகக் கேட்டால் ஒவ்வொன்றாக வெளியே வரும். கல்யாண வீட்டில் சாப்பிட்ட மறுநாள் வயிற்றுப்போக்கு, கடையில் கேட்டு வாங்கிய ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் நாலு மாத்திரை. அதற்கு முந்தின மாதம் பல் பிடுங்கியதற்கு அமாக்சிசிலின். இருமலுக்கு அசித்ரோமைசின் மூன்று நாள். நோய் வேறு, டாக்டர் வேறு, மாத்திரை வேறு. அத்தனையும் இறங்கிய குடல் மட்டும் ஒன்று.

'ஆர்' என்றால் அந்தக் கிருமியை அந்த மருந்து அடக்காது என்று பொருள். 'எஸ்' என்றால் அடக்கும். சிறுநீர்த் தொற்றில் அதிகம் அகப்படும் ஈ.கோலை என்ற பாக்டீரியா வெளியிலிருந்து புதிதாக வந்த ஆள் இல்லை. பெரும்பாலும் அது நோயாளியின் குடலிலேயே குடியிருந்தது, ஆசனவாய்ப் பக்கமிருந்து சிறுநீர்க் குழாய்க்கு ஏறியிருக்கிறது. அதனால் சிறுநீர் ரிப்போர்ட்டைக் குடலுக்குள் பார்க்கும் ஜன்னல் என்றே எடுத்துக்கொள்ளலாம். தொண்டைக்கோ பல்லுக்கோ சாப்பிட்ட மாத்திரை குடலில் என்ன செய்துவிட்டுப் போனது என்பது அதில் தெரியும்.

"உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்று சொல்வது இங்கே வழக்கம். பழகுவது உடம்பு இல்லை, கிருமி. அதுவும் ஒரு கிருமி மெல்ல மெல்லக் கற்றுக்கொள்வதில்லை. ஒரு கிராம் மலத்தில் எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ பத்தாயிரம் கோடி பாக்டீரியா இருக்கும். அதில் ஈ.கோலையின் பங்கு மிகச் சிறியது, ஆனாலும் கிராமுக்குக் கோடிக்கணக்கில் வரும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்தை ஓரளவு தாங்கும் மரபணு மாற்றம் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் தானாகவே நேர்கிறது. அப்படியானால் முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே தாங்கக்கூடிய சில செல்கள் உள்ளே இருக்கின்றன. இப்படிப்பட்டவை மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே இருக்கின்றன என்று அமெரிக்க விஞ்ஞானிகள் ஜோஷுவா லெடர்பெர்கும் எஸ்தர் லெடர்பெர்கும் 1952-இலேயே தட்டில் வளர்த்துக் காட்டிவிட்டார்கள். மருந்து வந்ததும் மற்றவை சாகும், இவை நிற்கும். பக்கத்தில் போட்டிக்கு ஆள் இல்லாததால் ஓரிரு நாளில் பெருகி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மருந்தைத் தாங்கும் இந்த எதிர்ப்பு கைமாறுவது இரண்டாவது வழி. பிளாஸ்மிட் என்ற சின்ன வளைய டி.என்.ஏ.வை ஒரு பாக்டீரியா பக்கத்திலுள்ள இன்னொன்றோடு ஒட்டி நின்று அதற்கு ஒரு நகல் கொடுத்துவிடும். ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1950-களின் கடைசியில் ஜப்பானில், பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் அடங்காத சீதபேதிக் கிருமியை ஆராய்ந்தபோது இது தெளிவானது. ஒரே பிளாஸ்மிட்டில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாகக் கோத்திருக்கும். கோ–டிரைமாக்சசோல் மாத்திரை சாப்பிட்டவர் குடலில் செஃபிக்சிமுக்கு அடங்காத கிருமி கூடுவது இப்படித்தான். கோ–டிரைமாக்சசோலைத் தாங்கிப் பிழைத்த கிருமி, அதே வளையத்தில் செஃபிக்சிம் எதிர்ப்பையும் சுமந்துகொண்டிருந்தது. "அந்த மருந்தை நான் தொட்டதே இல்லை" என்ற நோயாளியின் குழப்பத்துக்குப் பதில் இங்கே இருக்கிறது.

மற்றவை பலிக்காதபோது போடும் கார்பபெனம் வகை ஊசிகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.–1 நொதி முதலில் கண்டறியப்பட்டதும் இப்படி ஒரு ஆளிடம்தான். டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பியவருக்கு 2008-இல் சிறுநீரில் கிளெப்சியெல்லா கிருமி இருந்தது. அவருடைய மலத்திலிருந்த ஈ.கோலையிலும் அதே மரபணு இருந்தது. வேறு வேறு இனம், ஒரே மரபணு, ஒரே உடம்பு.

எதிர்ப்புக் கிருமி குடலில் கூடும் மூன்றாவது வழியை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஊரணிக்கு நீர் வரும் வரத்துக்கால் சும்மா கிடந்தால் சீமைக்கருவேலம் எப்படி ஏறிக்கொள்கிறது என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். குடலில் காற்றில்லாமல் வாழும் நல்ல பாக்டீரியாக் கூட்டம் நாரைப் புளிக்கவைத்து அமிலங்களை உண்டாக்கி, இடத்தையும் உணவையும் பிடித்துவைத்திருக்கும் வரை, தண்ணீரிலோ சாப்பாட்டிலோ வந்து சேரும் வேற்றுக் கிருமி காலூன்றுவது கடினம். ஆன்டிபயாட்டிக் அந்தக் கூட்டத்தைக் குறைத்ததும் வழி திறந்துவிடுகிறது. வருவதற்கும் இங்கே பஞ்சமில்லை. நெதர்லாந்தில் இரண்டாயிரம் பயணிகளைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் மலப் பரிசோதனை செய்து 2017-இல் வெளியிட்டார்கள். தெற்காசியா வந்து திரும்பியவர்களில் நாலில் மூன்று பேர் இ.எஸ்.பி.எல். கிருமியைக் குடலில் வாங்கிப் போயிருந்தார்கள். இ.எஸ்.பி.எல். என்பது செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகளை உடைத்துப்போடும் நொதி. பாதிப் பேருக்கு ஒரு மாதத்தில் அது போய்விட்டது. பத்தில் ஒருவருக்கு ஒரு வருடம் கழித்தும் இருந்தது. பின்லாந்துப் பயணிகளிடம் செய்த ஆய்வு (2015) இன்னும் நேராக விஷயத்துக்கு வருகிறது. வயிற்றுப்போக்கும் இல்லை, ஆன்டிபயாட்டிக்கும் எடுக்கவில்லை என்றவர்களில் 11 சதவீதத்தினர் இந்தக் கிருமியோடு திரும்பினார்கள். வயிற்றுப்போக்கு வந்து அதற்கு ஆன்டிபயாட்டிக்கும் எடுத்தவர்களில் 37 சதவீதம். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஊருக்கு வருகிற பிள்ளைகள் பையில் "எதுக்கும் இருக்கட்டும்" என்று வைத்திருக்கும் ஆன்டிபயாட்டிக்கை லேசான போக்குக்கெல்லாம் எடுக்க வேண்டாம் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

"ஊசி போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. ரத்தத்தில் போகும் மருந்து குடலுக்கு வராது என்று நினைக்கிறார்கள். செஃப்ட்ரையாக்சோன் ஊசியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பித்தநீர் வழியாகக் குடலுக்குள் வந்து இறங்குகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் குடல் சுவர் வழியாகவே உள்ளே கசிகிறது. அசித்ரோமைசினை மூன்று நாள்தான் சாப்பிடுகிறோம், ஆனால் உடலில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 68 மணி நேரம் ஆகும். கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் தாங்குகிறவற்றைப் பொறுக்கியெடுக்கப் போதுமான அளவில் அது பல நாள் திசுக்களில் தங்குகிறது. சுலபமான மருந்து என்று இருமலுக்கெல்லாம் அசித்ரோ எடுப்பது மிகவும் வருத்தம் தரும் பழக்கம். இதற்கு நேரெதிர் நைட்ரோஃப்யூரன்டோயின். மேல்குடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்ச் சேர்ந்துவிடுவதால் பெருங்குடலை அதிகம் கலைப்பதில்லை. அதனால்தான் சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு டாக்டர்கள் இந்தப் பழைய மருந்தைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். 100 மி.கி., நாளுக்கு இரண்டு, ஐந்து நாள், சாப்பாட்டோடு. குளிர்காய்ச்சலும் விலா வலியுமாகத் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தால் இது பயன்படாது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் ஒத்துவராது. நெடுநாள் சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

ஒரு கோர்ஸின் தடம் எத்தனை நாள் நிற்கும்? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2010-இல் வந்த கட்டுரையின்படி, ஆன்டிபயாட்டிக் எடுத்து இரண்டு மாதத்துக்குள் சிறுநீர்க் கிருமியில் எதிர்ப்பு இருக்கும் வாய்ப்பு விகிதம் எடுக்காதவரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மெல்லக் குறைந்தாலும் பன்னிரண்டு மாதம் வரை வித்தியாசம் தெரிகிறது. இதில் கைக்கு உதவுகிற செய்தி ஒன்று உண்டு. டாக்டர் எந்த மருந்தும் எழுதுவதற்கு முன் "கடைசி மூணு மாசத்துல இந்த ஆன்டிபயாட்டிக் எடுத்தேன்" என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். அதே வகையைத் தவிர்த்து வேறு வகையை அவர் யோசிப்பார். பெயர் நினைவில் நிற்காது. "வெள்ளையா நீளமா இருந்துச்சு" என்று சொன்னால் யாருக்கும் பயனில்லை. தீர்ந்த மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். மருந்துச் சீட்டில் மட்டுமே தரவேண்டிய மருந்துகளின் அட்டையில் இடப்பக்கம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருக்கும். ஆன்டிபயாட்டிக்கும் அதில் அடக்கம். செஃபிக்சிம், செஃப்போடாக்சிம், லீவோஃப்ளாக்சசின் போன்றவை 2014 மார்ச் முதல் ஹெச்–1 அட்டவணையில் இருக்கின்றன. கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய வீட்டில் தனியே இருக்கும் பெரியவர்களுக்கு, வெளியூரில் உள்ள பிள்ளைகள் போனில் செய்யக்கூடிய உதவி இதுதான்: "ஆத்தா, அந்த அட்டையைப் பின்பக்கம் திருப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க." பிள்ளையின் போனில் ஒரு ஃபோல்டர் இருந்தால் எந்த டாக்டரிடம் போனாலும் காட்டலாம்.

அதிகம் தவிர்க்கக்கூடியது வயிற்றுப்போக்குக்கு எடுக்கும் மாத்திரை. திடீரென்று வரும் தண்ணீர்ப் போக்கில் பெரும்பகுதி வைரஸாலோ கெட்ட உணவிலுள்ள நச்சாலோ வருவது, இரண்டு மூன்று நாளில் தானே அடங்குவது. மாத்திரை போட்ட மறுநாள் நின்றால் மாத்திரையால் நின்றதாகத்தான் தோன்றும். அடுத்த முறையும் அதையே வாங்குவார்கள். அங்கே உயிர் காப்பது உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.). பெரிய பாக்கெட் (ஏறத்தாழ 21 கிராம்) முழுதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னப் பாக்கெட் (4.2 கிராம்) 200 மி.லி.க்கு. பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளருக்குக் கண்ணளவாகக் கொஞ்சம் போடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, குறைந்தால் பயன் இல்லை. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பிறகு கரையுங்கள், கரைத்ததைக் கொதிக்கவைக்கக் கூடாது. மேலே சர்க்கரை சேர்க்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடரலாம். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து. டப்பாவில் விற்கும் இனிப்புப் பானமும் குளிர்பானமும் சர்க்கரை மிகுதியால் போக்கைக் கூட்டும். குழந்தைகளுக்கு இதோடு துத்தநாக மாத்திரை அல்லது சிரப்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மி.கி., அதற்குக் கீழ் 10 மி.கி., போக்கு நின்றாலும் 14 நாள் முழுக்க. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், அரிசி கழுவிய தண்ணீர் போல் நிற்காமல் போவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, கண் குழிவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் வயிற்றுப்போக்கு அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

எத்தனை நாள் சாப்பிடுவது என்பதில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த ஆளுக்கு வைப்பது ஒன்று. "இன்னும் அஞ்சு நாள் சேர்த்துப் போட்டா நல்லது" என்று தாங்களே நீட்டிப்பது இன்னொன்று. நீட்டிக்கும் ஒவ்வொரு நாளும் குடல் கூட்டத்தின் மேல் கூடுதல் அடி. அதனால்தான் பல தொற்றுகளுக்கு மருத்துவ உலகமே நாட்களைக் குறைத்திருக்கிறது. சாதாரண நிமோனியா தேறிவந்தால் ஐந்து நாள் போதும் என்கிறார்கள். ஸ்ட்ரெப் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்குப் பென்சிலின் பெரும்பாலும் இன்னும் பத்து நாள்தான். காசநோய்க்கு மாதக் கணக்கு, அதில் ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது. ஆகவே சீட்டு எழுதும்போதே "எத்தனை நாள், முன்னாடியே சரியாயிட்டா என்ன செய்யணும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மருந்து எடுக்கும்போதோ முடித்த சில வாரத்துக்குள்ளோ நாளுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால், போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை போட்டு அடைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நல்ல கூட்டம் அழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி ஏறியிருக்கலாம். தயிரும் பழைய சோறும் சாப்பிடலாம், வயிற்றுக்கு இதம். அவை எதிர்ப்புக் கிருமியைத் துரத்திவிடும் என்று மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

கல்ச்சர் எடுப்பதில் கவனம் தவறினால் ரிப்போர்ட்டே தப்பாக வந்து தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கில் கொண்டுபோய் விடும். முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் எடுத்துவிட வேண்டும். பெண்கள் தண்ணீரில் கழுவி, இதழ்களை விலக்கிப் பிடித்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை டப்பாவில் பிடிக்க வேண்டும். 20 மி.லி. இருந்தால் தாராளம். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ காலையில் எடுத்து, பஸ் பிடித்து, வழியில் வேலையை முடித்து மதியம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கமாக நடக்கிறது. சித்திரை வெயிலில் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வல்லது. தோலிலிருந்து தவறி விழுந்த ஆயிரம், இரண்டு மணி நேரத்தில் அறுபதாயிரத்தைத் தாண்டிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேராது என்றால் ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வையுங்கள், 24 மணி நேரம் வரை தாங்கும். ஃப்ரீசர் வேண்டாம். கொண்டுவரும்போது தூக்குவாளியில் ஐஸ் துண்டு போட்டு, டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இறுகக் கட்டி நடுவில் வைத்தால் போதும்.

ஆய்வகத்தில் 0.001 மி.லி. பிடிக்கும் கம்பி வளையத்தால் அதைத் தட்டில் இழுப்பார்கள். மறுநாள் மெக்கான்கி என்ற வளர்ப்பு ஊட்டம் உள்ள தட்டில் ஈ.கோலை ரோஜா நிறத்தில் பொட்டுப் பொட்டாக நிற்கும். நூறு பொட்டு என்றால் மி.லி.க்கு ஒரு லட்சம். மூன்று நாலு தினுசு பொட்டுகள் கலந்து வந்தால் அது பெரும்பாலும் பிடித்த முறையில் வந்த கலப்படம், திரும்ப எடுக்கச் சொல்வார்கள். தேறிய கிருமியை இன்னொரு தட்டில் படரவிட்டு, 6 மி.மீ. காகித வில்லைகளில் மருந்து ஏற்றி மேலே வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். செஃப்ட்ரையாக்சோனுக்கு அந்த வட்டம் 23 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் எஸ், 19 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆர். இ.எஸ்.பி.எல். கிருமியின் தட்டைப் பார்த்தால் மறக்க முடியாது. செஃபோடாக்சிம் வில்லையைச் சுற்றிப் புழுதி படிந்தாற்போல் கிருமி நெருங்கி நிற்கும். பக்கத்தில் கிளாவுலனிக் அமிலம் கலந்த வில்லை இருக்கும் திசையில் மட்டும் வட்டம் இழுபட்டு, பழைய வீட்டுக் கதவின் சாவித்துவாரம் போலத் திறந்திருக்கும். நொதியை அந்த அமிலம் கட்டிப்போட்ட இடம் அது. ஒரு மருந்துக்கு 24 மி.மீ., இன்னொன்றுக்கு 18 மி.மீ. என்று ரிப்போர்ட்டில் இருந்தால் முதலாவது வலுவானது என்று ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் தனி. நைட்ரோஃப்யூரன்டோயினுக்கு 17 மி.மீ.யே எஸ்.

ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது, ஆளுக்குக் கடுப்பு, காய்ச்சல், அடிவயிற்று வலி எதுவும் இல்லை. வயதான ஆச்சிமார்களிடம் இது சகஜம். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப்பாதையில் அறுவை செய்யப் போகிறவர்களுக்கும் தவிர, பொதுவாக இதற்கு மருந்து தேவையில்லை. கொடுத்தால் கிருமி சில வாரத்தில் திரும்ப வரும், வரும்போது இன்னும் இரண்டு 'ஆர்' கூடியிருக்கும். "மாஸ்டர் செக்–அப்" என்ற பெயரில் தொந்தரவே இல்லாதவருக்கு சிறுநீர் கல்ச்சர் எடுப்பதே வேண்டாம். குடலில் எதிர்ப்புக் கிருமி குடியிருந்தால் அதைத் துடைத்தெடுக்க மருந்து தேடுவதும் வேண்டாம். அதை ஓரம் தள்ளுவது நாட்கள் கடப்பதும், இன்னொரு ஆன்டிபயாட்டிக் சேராமல் இருப்பதும்தான்.

அது குடலில் இருக்கும் வரை வீட்டில் மற்றவர்களுக்குப் போகாமல் பார்ப்பது சோப்புக் கையால் முடியும். கழிவறைக்குப் பின், டயபர் மாற்றிய பின், சிறுநீர்ப் பை காலி செய்த பின், சமையலுக்கு முன். பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவே சமையலும் செய்கிற வீடுகளில் இது மிக முக்கியம். கோழி அறுக்கும் பலகையில் வெங்காயம் தக்காளி நறுக்க வேண்டாம். கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பதை 2019-இல் மத்திய அரசு தடை செய்தது. ஆனாலும் பச்சைக் கறியில் எதிர்ப்புக் கிருமி இருக்கும் என்றே வைத்து நடந்துகொள்வது நல்லது. நன்றாக வெந்த குழம்பில் அது சாகும். பச்சடிக்குள் போனது சாகாது.

அட்டைகளோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கட்டும். எழுத வேண்டியது இவ்வளவுதான்: "மார்ச் 3. பல் வீக்கம். அமாக்சிசிலின் 500, நாளுக்கு மூன்று, ஐந்து நாள். நாலாம் நாள் வயிறு இளகியது." ஜூனில் கடுப்பு என்று போய் உட்காரும்போது, பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரையோடு இந்தப் பக்கத்தையும் விரித்து டாக்டர் மேசையில் வையுங்கள்.